இன்னும் மூன்று நாள்

காத்திருப்பவர்களுக்கென்று ஒரு பியானோ வைத்திருக்கிறார்கள்.
நாற்பது விநாடிக்கு ஒருமுறை அதை நிறுத்தி
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்கிறது ஒரு குரல்.
பிறகு முதலிலிருந்து அதே பியானோ.
ஒன்பது வருடமாக இந்த மேசையில் இருக்கிறேன்,
அந்த இசை எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்,
அதற்குக் கீழே டுலூத் துறைமுகம், டிசம்பர்.
தாதுக்கப்பல் ஒன்று
பனிக்கட்டியை உடைத்து உடைத்து
வராமலே வந்துகொண்டிருக்கிறது.

என் வேலை, நாள் வாங்குவது.
ஒரு தடவைக்கு மூன்று. மன்றாடினால் ஐந்து.
ஒரேயொரு முறை ஏழு கிடைத்தது;
அன்று மதியம் எல்லோருக்கும் டோனட் வாங்கிவந்தேன்,
எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

இன்று டேரில் லேஹ்தினெனுக்காக.
வயது முப்பத்து நான்கு. தாதுத்துறையில் வெல்டர்.
அவனுடைய பாலிசி எண் எனக்கு மனப்பாடம்,
தங்கையின் பிறந்தநாள் தங்காத இதே தலையில்.

பியானோ அறுந்தது. ஷெல்பி பேசுகிறேன் என்றாள்.
நடுக்கம்?
குறைந்திருக்கிறது.
வாந்தி?
புதனோடு நின்றது.
தூக்கம்?
நேற்று ஆறு மணி நேரம்.
சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
ஆறு மணி நேரம் தூங்குகிறவனுக்கு
எங்கள் கட்டில் எதற்கு?

தேறாவிட்டால் சிகிச்சை பலிக்கவில்லை, பணம் எதற்கு.
தேறிவிட்டால் சிகிச்சை முடிந்தது, பணம் எதற்கு.
நடுவில் ஒரு கயிறு அளவுக்கு இடம் இருக்கிறது.
அதன் மேல்தான் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிறேன்,
சாய்கிறான் சாய்கிறான் என்று கத்திக்கொண்டே.

அவன் முதுகெலும்பு விரிசல் விட்ட வருடம்
மாத்திரைகளுக்காக யாரும் யாரையும் அழைக்கவில்லை.
முப்பது, அறுபது, மறுபடியும் தொண்ணூறு.
கோப்பில் இருக்கிறது, வரிக்கு வரி: அனுமதி, அனுமதி.
ஷெல்பியிடம் இதைச் சொல்வதில்லை.
சொன்னால் பதிய அவள் திரையில் கட்டம் கிடையாது.

அப்போதுதான் பார்த்தேன், வெளியே டேரில்.
என் கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியை
ஏதோ அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
நீலக் கோடு போட்ட அட்டை.
காப்பீட்டு அட்டை.
நான் பார்ப்பதைக் கண்டதும் அதை ஆட்டிக் காட்டிச் சிரித்தான்.
வந்த பன்னிரண்டு நாளில்
அவன் பல்லை இன்றுதான் பார்க்கிறேன்.
திரைச்சீலையை இழுத்துவிட்டேன்,
ஷெல்பிக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல.

இருக்கிறீர்களா என்றாள்.
இருக்கிறேன். இரவு நர்ஸின் குறிப்பைப் புரட்டினேன்.
கிடைத்தது. கடவுளே, கிடைத்தது என்று
ஒரு கெட்ட சந்தோஷம் நெஞ்சில்.
வாசித்தேன்: அதிகாலை இரண்டு பத்துக்கு
போன்கள் பூட்டிய அலமாரி முன்னால் நின்றான்.
ஒரே ஒரு அழைப்பு என்று அழுதான்.
யாருக்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

நர்ஸ் வெந்நீர் கொடுத்துப் படுக்கவைத்த வெட்கத்தை
நான் ஃபோனில் எடைபோட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் தட்டச்சு நின்றது.
குரலைத் தாழ்த்திக்கொண்டு ஷெல்பி கேட்டாள்:
அந்த நம்பர் அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா?

கேள்வித்தாளில் இல்லாத கேள்வி.
அவளுக்கு யார் என்று நான் கேட்கவில்லை.
அது மறக்காது என்றேன்.
ம் என்றாள்.
மறுபடி விசைகள். பிறகு பழைய குரலில்,
திங்கள் நள்ளிரவு வரை, மூன்று நாள்,
குறிப்பெண் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதினேன். திரைச்சீலையை விலக்கி
கண்ணாடி வழியே மூன்று விரல் காட்டினேன்.
டேரில் எண்ணிப் பார்த்தான், குழந்தைபோல.
தலையசைத்தான்.
அட்டையின் ஓரத்தை ஜாக்கெட்டில் துடைத்துக்கொண்டு
பக்கத்தில் நின்ற, யாருடையதென்றே தெரியாத காரின்
கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தான்.